பானை பதிந்த கேசட்டு

கெட்டிமேளம் முழங்கியது. ஐயர் கையைத் தூக்கி ஆட்டினார். அட்சதையை இறுக்கிப் பிடித்தபடி ஜனம் எக்கி எக்கிப் பார்த்தது. மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றோடு பெண் பக்கம் திரும்பினான். திரையில் வெள்ளைக் கோடுகள் நாலைந்து நடுங்கின. அவ்வளவுதான், மாப்பிள்ளையைக் காணோம், பெண்ணைக் காணோம், அங்கே ஒரு மண்பானை உட்கார்ந்திருந்தது.

அதுவும் பாதிப் பானை. வளையல் போட்ட ஒரு கை மீதிப் பாதியைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தது. "பானையோட வாய் வட்டம்தான். ஆனா நம்ம கண்ணுக்கு வட்டமாவா தெரியுது? கடைசி பெஞ்சு, தெரியுதா?" என்று ஒரு குரல் கேட்டது. "தெரியுது டீச்சர்!" என்று ஒரு கூட்டமே கத்தியது.

தசரதன் எழுந்து நின்றுவிட்டான். "கலா! ஏய் கலா! இங்க வா!"

சந்திரகலா அடுப்பில் கூழ் துழாவிக்கொண்டிருந்தாள். புருஷன் இப்படிக் கத்துகிற ஆள் இல்லை. துடுப்பைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்கு ஓடிவந்தாள். டிவியில் தன் கையைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பரவால்லியே, நல்லா விழுந்திருக்குதே!"

"நல்லா விழுந்திருக்குதா? இது இன்னா கேசட்டு தெரியுமா உனக்கு? அடி அண்ணாமலை கல்யாணம். தாலி கட்டற இடம்!"

துடுப்பிலிருந்து கூழ் தரையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் அவர்கள் வீடு. முன்னறைதான் தசரதனின் வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாவட்டம் முழுக்க அலைகிறவன். சந்திரகலா டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கேமராவை அவள் வகுப்புக்கு எடுத்துப்போக ஆரம்பித்தது அந்த வருஷம்தான், தொண்ணூற்று நான்கில்.

வகுப்பென்றால் சின்ன வகுப்பு இல்லை. இரண்டு செக்ஷனைச் சேர்த்து ஒரே அறையில் அடைத்து, 'ஓவியம்தானே, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். கரும்பலகையில் பெரிதாக வரைந்து காட்டலாம். ஆனால் சாக்பீஸ் வேறு, பென்சில் வேறு. பென்சிலை எங்கே பிடிப்பது, எங்கே அழுத்துவது, எங்கே விரல் சும்மா உரசிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கைக்கு வரும். முன் பெஞ்சுக்காரிகளுக்கு அது கிடைத்தது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் பானையை ஆரம்பித்து அம்மியில் முடித்தார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து டிவியை வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, தசரதனின் கேமராவை அதோடு இணைத்து, முக்காலி ஸ்டாண்டில் குப்புறக் கவிழ்த்து, தன் கைக்கு நேராக வைத்தாள். டிவி நிறைய அவள் கட்டைவிரல் வந்து நின்றது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பென்சில் நகர ஆரம்பித்ததும் அறை அடங்கிவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் பெண்களே ஒவ்வொருத்தியாக வந்து கேமராவுக்குக் கீழே கை வைத்து வரைந்தார்கள். ஒருத்தி கோடு தப்புகிற இடத்தை வகுப்பு முழுக்கப் பார்த்தது. "மேல தூக்கறாடி, கீழ எறக்கு, கீழ எறக்கு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து திருத்தம் வந்தது. "இது டிராயிங் கிளாஸா, சினிமா கொட்டாயா டீச்சர்?" என்று தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்தாள், பின்னால் போய் நின்றாள், மணி அடிக்கிறவரை போகவில்லை.

அந்தப் பெண்கள் அரசு ஓவியத் தேர்வு எழுதப்போகிறவர்கள். லோயர், ஹையர் இரண்டும் பாஸாகி டிரெயினிங் முடித்தால் ஓவிய ஆசிரியை வேலைக்குப் போகலாம். சந்திரகலாவே கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நாற்று நட்ட கையோடு அப்படி வந்தவள்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போய் வகுப்புக்கு வராத பெண்கள் பின்னால் பார்க்கட்டும் என்றுதான் அன்றைக்குப் பானைப் பாடத்தைக் கேசட்டில் பதிந்தாள். அங்கேதான் வந்தது வினை.

வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபடி எதையும் பதிய முடியாது. உடைந்த பள்ளத்தில் செல்லோ டேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம். தசரதன் கடையில் சட்டம் இதுதான்: பல் உடைந்திருந்தால் கல்யாணம், டேப் ஒட்டியிருந்தால் காலி.

"டேப்பு ஒட்டியிருந்துச்சுங்க. டேப்பு ஒட்டினது காலின்னு நீங்கதானே சொல்லிகினு இருப்பீங்க?"

"அன்னிக்கு ரெண்டு முகூர்த்தம். புது கேசட்டு பத்தல. பழசுல எடுத்தேன். டேப்ப பிய்க்கறதுக்குள்ள அடுத்த மண்டபத்துக்கு ஓடினேன்."

"அப்ப பேராவது எழுதி ஒட்டியிருக்கலாமில்ல?"

"எழுதல. போதுமா? எழுதல!"

மண்டபத்தில் கிளம்பும்போது யாரோ ஒரு மாமா, 'தாலி கட்டினது விழுந்திருக்குதா பாரு' என்று கேட்டிருக்கிறார். கேமராவிலேயே பின்னால் ஓட்டிக்கொண்டே பார்த்து, 'விழுந்திருக்குது' என்று சொல்லி, கயிறு ஏறுவதற்குச் சற்று முன்னால் வந்து நிறுத்திக் கேசட்டை உருவி வைத்திருக்கிறான் தசரதன். அதே இடத்தில்தான் பானை ஏறிவிட்டது.

"போட்டோ மூணு இருக்குது," என்றான், தனக்கே சொல்லிக்கொள்கிறவனாக. "மூணையும் போட்டு, சுத்தி பூ கொட்டற மாதிரி மிக்ஸிங் பண்ணி, கெட்டிமேளத்த மேல ஏத்திடறேன். எந்தக் கல்யாணத்துல எவன் தாலி கட்டறத பாத்தான்? எல்லாம் எதிர்ல நிக்கறவன் முதுகத்தான் பாத்தான்."

"இன்னிக்கு சாயந்திரம் வராங்களே?"

"கரண்ட் இல்லன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத. இன்னொன்னு, கேமரா இனிமே உன் ஸ்கூலுக்கு வராது. டிராயிங்கும் வேணாம், பானையும் வேணாம்."

தேர்வு நெருங்கிவிட்டது. இன்னும் வண்ணம் தீட்டுவதே சொல்லித்தரவில்லை. ஆனால் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது?

சாயந்திரம் ஆடிக்காற்று சந்து முழுக்கப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சந்திரம்மாள், அக்கா பொன்னி, புதுப்பெண் வினோதினி. சந்திரம்மாளுக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சின்னக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கற்பூரம், சோடா, பூ. புருஷன் போனபிறகு அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். மகன் வேணு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடித்து லீவு தீர்ந்து போய்விட்டான்.

"புது மல்லாட்ட, அவிச்சு சாப்டுங்க," என்று பையைச் சந்திரகலா கையில் கொடுத்துவிட்டு, டிவிக்கு நேராகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் சந்திரம்மாள். "போடு தம்பி. ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் எங்க அண்ணன் மவன் மஸ்கட்டு போறான், அவன் கிட்ட குடுத்தனுப்பணும். அதுக்கு முன்ன நான் ஒரு வாட்டி பாத்துக்கணும்."

"பாக்கலாம்மா, பாக்கலாம். கரண்ட் ஒரு மாதிரி வந்து வந்து போவுது," என்று தசரதன் உள்ளே போனான். அறை பொசுக்கென்று இருண்டது. ஃபேன் நின்றது.

"பாத்தீங்களா? போயிடுச்சு."

சந்திரகலாவுக்குத் தெரியும், கரண்ட் போகவில்லை, பின்னறையில் ஃபியூஸ் அவன் கைக்குப் போயிருக்கிறது. அவள் விசிறியை எடுத்துச் சந்திரம்மாளுக்கு வீசினாள்.

"வரட்டும், இருந்து பாத்துட்டே போறேன்," என்றாள் சந்திரம்மாள். "எம்புள்ள தாலி கட்டினத நான் பாக்கல டீச்சரம்மா."

"கல்யாணத்துலதான் இருந்தீங்களே?"

"இருந்தேன், சமையக்கட்டு வாசல்ல. தாலி இல்லாதவ அந்த நேரத்துல எதிர்ல நிக்கலாமா? மேளச் சத்தம் காதுல விழுந்துச்சு. கைல இருந்த அரிசிய அங்கருந்தே போட்டேன். சாம்பார் அண்டாலதான் விழுந்துச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "வேணு சொன்னான், 'வீடியோல பாரும்மா, கிட்டக்கவே பாக்கலாம்'னு. அதுக்குத்தான் நாளு எண்ணிகினு இருந்தேன்."

விசிறி சந்திரகலாவின் கையில் நின்றுவிட்டது. பூ கொட்டி மிக்ஸிங் பண்ணி இந்தப் பொம்பளையை ஏமாற்றுவதா?

"எதிர் வூட்ல டியூப் லைட்டு எரியுதே?" என்றாள் பொன்னி, ஜன்னலைப் பார்த்து.

தசரதன் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றான். "அது... அது வேற லைனு."

"ஃபியூஸ போடுங்க," என்றாள் சந்திரகலா. "போடுங்கன்றேன். நான் சொல்லிக்கறேன்." பிறகு சந்திரம்மாளின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அந்த இடம் இல்ல. நான் அழிச்சிட்டேன். தெரியாம அது மேல எங்க கிளாஸ பதிஞ்சிட்டேன்."

தசரதன் உள்ளே போய் ஃபியூஸைப் போட்டான். விளக்கு வந்தது, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சந்திரம்மாள் திட்டுவாள், எழுந்து போவாள் என்று சந்திரகலா காத்திருந்தாள். அவளோ டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா இருக்குதோ அத போடு."

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை திரும்பினான். பானை வந்தது. பென்சில் போய்க்கொண்டிருந்தது, "கடைசி பெஞ்சு தெரியுதா?" என்ற குரல் கேட்டது, பெண்கள் கத்தினார்கள். நிறுத்தப்போன தசரதனைச் சந்திரம்மாள் கையசைத்துத் தடுத்தாள். தட்டையாகக் கிடந்த கோட்டுக்குள் பென்சில் பக்கவாட்டில் உரச உரச, பானைக்கு வயிறு வந்தது. "அட, குண்டாயிடுச்சு பாரு," என்றாள் அவள், தன்னை மறந்து. அடுத்த நிமிஷம் முகம் மாறியது.

"டீச்சரம்மா, அந்தப் பானைல தண்ணி இருந்துச்சா?"

சந்திரகலாவுக்குப் புரிந்துவிட்டது. நிறைகுடம் என்றால் ஒன்று, வெறும் பானை என்றால் வேறொன்று. இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. காலிப் பானைதான்."

சந்திரம்மாள் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். "தாலி ஏற வேண்டிய நேரத்துல வெறும் பானை ஏறியிருக்குது. அவன் கடல் தாண்டி இருக்கறான். இவ கழுத்து ராசி இன்னா ராசியோ."

வினோதினி தலையைத் தூக்கவில்லை. பையிலிருந்து தரையில் சிந்தியிருந்த மல்லாட்டை ஒன்றை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தாள். தன் தப்பு போய் அந்தப் பெண்ணின் தலையில் உட்காருவதைச் சந்திரகலா கண்ணாலேயே பார்த்தாள். கடை பேர் கெடுவதும் கேமரா போவதும் அதற்கு முன்னால் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயின.

"தப்பு என்னுதும்மா. அந்தப் பொண்ண சொல்லாதீங்க."

"வூட்ல இன்னா நடந்தாலும் இனிமே இந்தப் பானைதான் என் கண்ணுல நிக்கும். நான் இன்னா பண்ணட்டும்?"

பொன்னிதான் யோசனை சொன்னாள். "எம்மா, ஆடிப்பெருக்குக்கு இவளுக்கு தாலி பெருக்கிக் கட்டத்தானே போறோம்? புதுக் கயிறுதானே? அத வீடியோ எடுத்து இங்க சேத்துட்டா?"

"மாப்பிள இல்லாமயா?" என்றான் தசரதன்.

"மூஞ்சி எதுக்கு?" என்றாள் சந்திரகலா. சொல்லிய பிறகுதான் சொன்னது தான்தான் என்று தெரிந்தது. "கழுத்தும் கயிறும் கையும் மட்டும் வர்ற மாதிரி கிட்டக்க போயிட்டா, யார் கைன்னு யாருக்குத் தெரியும்? கிளாஸ்ல அப்படித்தானே காட்டறேன்."

சந்திரம்மாள் அவளையே பார்த்தாள். "பொன்னி கட்டட்டும். நாத்தனார்தானே ரெண்டு முடிச்சு போட்டவ. ஆனா அது வேணு கையாத்தான் தெரியணும். அவனுக்கு இந்தப் பானை விஷயம் போவக் கூடாது. அப்படி வந்துட்டா, பானைய நான் மறந்துடறேன்."

ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே கேமரா அடி அண்ணாமலைக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் மலை, மேலே மேகம் ஓட ஓட வெயிலும் நிழலும் மாறிக்கொண்டேயிருந்தன. நடு அறையில் மணை. தட்டில் மஞ்சள் கயிறு, குங்குமம், காப்பரிசி, வெற்றிலை பாக்கு. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள், திருடப் போகிறவர்கள் கணக்காக.

தசரதன் கேமராவை வைத்து வைத்துப் பார்த்தான். ஒருமுறை பொன்னியின் முகம் வந்தது, ஒருமுறை சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "இந்தா, நீயே புடி," என்று கேமராவை மனைவியிடம் தள்ளினான். "நீ கிளாஸ்ல வெக்கற மாதிரி வெய்யி. எனக்கு கூட்டத்த எடுத்துதான் பழக்கம்."

சந்திரகலா முக்காலியைத் தாழ்த்தினாள். ஜன்னல் எதிரில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைத் திருப்பினாள். வினோதினியின் கழுத்து மட்டும் கேமராக் கண்ணில் வரும்வரை கிட்டே போனாள். கழுத்து நரம்பு துடிப்பது பெரிதாகத் தெரிந்தது.

"கைய கொண்டு வாங்க."

பொன்னியின் கை உள்ளே வந்தது. கூடவே ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

"வளையல் தெரியுது," என்றாள் சந்திரகலா.

"மேல ஏத்திக்கறேன்." ஏற்றினாள். கயிற்றைப் பிடித்ததும் கலகலவென்று இறங்கிவிட்டன.

"கழட்டிடு," என்றாள் சந்திரம்மாள்.

பொன்னி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "எம்மா! இன்னா பேசற? தாலி பெருக்கற நேரத்துல என்ன வளையல கழட்ட சொல்றியா? எம்புருஷன் நல்லா இருக்க வேணாமா?"

"ரெண்டு நிமிஷம்தாண்டி!"

"ரெண்டு நிமிஷம்னா? நீ இன்னைக்குப் பானைக்கு பயப்படற. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா நான் எதுக்கு பயப்படறது?"

தசரதன் தன் கையைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வேற்று ஆம்பளை கையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சந்திரகலா கையிலும் வளையல், அவளும் கழற்ற மாட்டாள். மேகம் வந்து அறை இருண்டது. சந்திரம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள். "அவ்ளோதான். இதுவும் நிக்குது. நான் சொன்னேனே, ராசின்னு." அவள் பார்வை மறுபடி மருமகளிடம் போயிற்று.

வினோதினி மணையிலிருந்து நிமிர்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் குரலைச் சத்தமாக யாரும் கேட்டதில்லை.

"வளையல் இல்லாத கை ஒண்ணு இருக்குது அத்தை."

"யாருது?"

"உங்களுது."

சந்திரம்மாள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். அவசரமாகக் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "பைத்தியமா உனக்கு? நான் கிட்ட வந்து நிக்கறதே தப்பு. என் கை உன் கழுத்துல படலாமா? எம்புள்ள தலைக்கு..."

"இந்தக் கைதானே அவர வளத்துச்சு? அவர் கையும் இதே மாதிரிதான் அத்தை, கட்டவிரல் இப்படித்தான் பின்னால வளையும். நான் அன்னைக்குப் பாத்தேன்." மணையில் நகர்ந்து, கழுத்தை மாமியார் பக்கம் திருப்பினாள். "என் ராசி சரியில்லன்னு சொல்றீங்க. சரியாக்கணும்னா நீங்கதான் கட்டணும். வேற யாரு கட்டினாலும் எனக்கு வேணாம்."

அம்மாவைப் பார்த்த பொன்னிக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினாள். "கட்டும்மா."

"நீ கூடவா?"

"கட்டு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கைகள் வெளியே வர எவ்வளவு நேரமானது என்று சொல்லத் தெரியவில்லை. சந்திரகலா கேமராக் கண்ணில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். பதிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. வினோதினியின் கழுத்தோரம், வெற்று மணிக்கட்டோடு இரண்டு கைகள் வந்தன. சோடா மூடி திறந்து காய்ப்பேறிய விரல்கள். பின்னால் வளைந்த கட்டைவிரல். ஆம்பளைக் கை என்று யாரும் நம்பிவிடுவார்கள். வேணுவும் நம்பிவிடுவான்.

"பேசாதீங்க. முடிச்சு மட்டும் போடுங்க," என்றான் தசரதன் கிசுகிசுப்பாக.

முதல் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை இறுக்கும்போது விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. முடிச்சை விட்டுவிட மனசில்லாமல், அந்தக் கழுத்தைத் தொட்டபடியே நின்றன.

"முடிஞ்சுது, கைய எடுங்க, கைய எடுங்க," என்றான் தசரதன்.

கை போகவில்லை. சந்திரம்மாள் கேமரா இருந்த பக்கம் திரும்பினாள்.

"வேணு, அம்மாடா. நான்தான்டா கட்டினேன்."

"ஐயோ, பேசிட்டாங்களே! நிறுத்து கலா, வெட்டிட்டு மறுபடி எடுக்கலாம்!"

சந்திரகலா நிறுத்தவில்லை. வகுப்பில் எப்போதும் கிட்டே கிட்டே போய்த்தான் அவளுக்குப் பழக்கம். இப்போது ஜூம் பொத்தானை மறுபக்கம் அழுத்தி, கையிலிருந்து மெல்ல மெல்லப் பின்னால் வந்தாள். கழுத்து வந்தது, வினோதினியின் நனைந்த முகம் வந்தது, அவள் பின்னால் நின்ற சந்திரம்மாள் முழுசாக வந்தாள்.

"நீ தாலி கட்டினத நான் பாக்கலடா. சமையக்கட்டுல இருந்தேன். டீச்சரம்மா அது மேல பானை வரைஞ்சிட்டாங்க, அதுவும் போச்சு. பானைய அழிக்க வேணாம்னு சொல்லிடப்போறேன், நீயும் பாரு, நல்லாத்தான் இருக்குது." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் இவ... இவ நல்ல பொண்ணுடா. நான்தான் கண்டதையும் பேசிட்டேன். அவ கிட்ட எனக்குச் சொல்ல வரல, அதான் உன் கிட்ட சொல்றேன்."

வினோதினி திரும்பி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். சந்திரம்மாள் அவளைப் பார்க்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் அந்தப் பெண்ணின் தோளை விட்டுப் போகவில்லை.

"சாப்டியாடா?" என்றாள் கேமராவிடம். பதில் வருமென்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டும் நின்றாள்.